காதால் படித்த கணக்கு

தலைமையாசிரியையின் ஃபோன் வந்தபோது கணக்கு டீச்சர் தம்பி வீட்டு ஹாலில், வாசல் கதவை ஒட்டிப் போட்டிருந்த கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையைப் பார்ப்பதுதான் அப்போதைக்கு அவருடைய முழுநேர உத்தியோகம். தம்பி குடியிருந்தது மூன்றாவது மாடி. அதற்கு மேலே இன்னும் இரண்டு மாடிகள். மேல்வீட்டில் யாராவது நாற்காலியைத் தரதரவென்று இழுத்தால் போதும், டீச்சரின் கை தானாகப் போய்க் கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

பூகம்பம் வந்த நாளில் அவர் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சுவர் ஆடியதும் மேஜைக்கு அடியில் புகுந்தார். உடம்பு புகுந்தது, வலது கால் புகவில்லை. "மார்க்கக் குறைச்சுப் போட்ட பாவம், காலோட போச்சு" என்று பார்க்க வருகிறவர்களிடம் அவரே சொல்வார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர்கள் விழிப்பார்கள். பள்ளிக்கூடம் விழுந்தது இடைவேளை நேரத்தில். பிள்ளைகளில் பெரும்பாலோர் மைதானத்தில் இருந்தார்கள். பெரும்பாலோர் என்றுதான் சொல்ல முடியும், எல்லோரும் என்று சொல்ல முடியாது. அதைப் பற்றி மட்டும் டீச்சர் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

ஹெலிகாப்டரில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் காலுக்கு வெளியே இரும்புக் கம்பிகளை நிறுத்தி எலும்போடு முடுக்கி, தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவருக்குத் தம்பி ஒருவன்தான். தம்பியின் மனைவி காலையில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருவாள், மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவாள். நாத்தனாரை "அண்ணி, அண்ணி" என்று மரியாதையாகத்தான் பார்த்துக்கொண்டாள். அந்த மரியாதைதான் தொல்லையாக இருந்தது. டீச்சர் வந்ததிலிருந்து வீட்டில் குக்கர்கூட அடக்கமாக விசில் அடிப்பது போலிருந்தது.

"எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்றார் தலைமையாசிரியை. குரல் காற்றில் அலைந்து அலைந்து வந்தது.

"இருக்கேன் மேடம். கால்ல கம்பி கட்டி விட்டிருக்காங்க, ஆன்டெனா மாதிரி நிக்குது. ரேடியோ மட்டும்தான் பாடல."

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற நிலைமையில் இல்லை. "பத்தாம் வகுப்புக்குப் பரீட்சைய தள்ளித்தான் வச்சிருக்காங்க டீச்சர், ரத்து பண்ணல. இங்க மத்த பாடத்துக்கு எப்படியோ ஆள் புடிச்சுட்டேன். கணக்குக்கு யாரும் இல்ல. பாலம் விழுந்ததுலேருந்து புதுசா ஒரு வாத்தியாரும் வர மாட்டேங்கறாங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது? எனக்குக் கால் இல்ல, உங்களுக்குப் பாலம் இல்ல."

"ஃபோன்ல எடுங்களேன்."

"படம் தெரியுமா?"

"தெரியாது. இன்டர்நெட் எல்லாம் போச்சு. தண்ணித்தொட்டி மேட்டுல ஏறினா பேச்சு மட்டும் கேக்குது."

டீச்சருக்குக் கோபம் வந்தது. "மேடம், நான் நடத்தறது கணக்கு. கணக்கு என்ன பாட்டா, காதால கேட்டுக்க? போர்டு வேணும், சாக்பீஸ் வேணும். முக்கோணத்த வாயால எப்படிப் போடறது?"

"எனக்குத் தெரியலம்மா. முடியாதுன்னா சொல்லிடுங்க, வற்புறுத்தல. மைக்செட்டுதான் கேட்டா."

மைக்செட் என்பது கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பெண். அவள் பக்கத்துப் பெண்ணிடம் ரகசியம் பேசினால் ஆபீஸ் அறையில் இருப்பவர்கள் பதில் சொல்லலாம், அப்படி ஒரு தொண்டை. கணக்கு வகுப்பில் அவள் உள்ளே இருந்த நேரத்தைவிட வெளியே நிறுத்தப்பட்டு இருந்த நேரம் அதிகம்.

"அவளா? கணக்கு வேணும்னு அவளா கேட்டா?"

"கணக்கு வேணும்னு கேக்கல. அளவுகோல் உயிரோட இருக்காங்களான்னு கேட்டா. இருக்காங்கன்னேன். அப்புறம் ஏன் பாடம் எடுக்க மாட்டேங்கறாங்கன்னு கேட்டா."

அளவுகோல் என்பது பிள்ளைகள் டீச்சருக்கு வைத்திருந்த பெயர். டீச்சருக்கு அது வெகுநாளாகத் தெரியும். தெரியாதது போல இருந்துகொள்வார். இப்போது அந்தப் பெயரை இந்த ஹாலில் கேட்டதும் அவருக்கு என்னவோ போலிருந்தது. "சரி, நாளைக்கு மத்தியானம் பேசச் சொல்லுங்க" என்றார்.

முதல் வகுப்பு படு கேவலமாகப் போனது.

மேட்டில் இருந்தது ஒரே ஒரு ஃபோன், தலைமையாசிரியையுடையது. அதன் ஸ்பீக்கரில் பூகம்பத் தூசி புகுந்து அடைத்துக்கொண்டதால் காதில் வைத்தால் மட்டும்தான் கேட்கும். அதனால் ஒருவர் காதில் வைத்துக் கேட்டு, மேட்டுச் சரிவில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கு உரக்கச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு ஊரிலேயே பொருத்தமான ஆள் யார் என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்: "எல்லாரும் ஒரு முக்கோணம் போட்டுக்கங்க. இந்தப் பக்கம் பெருசு, இந்தப் பக்கம் சின்னது. இப்ப இங்கேருந்து இங்க ஒரு கோடு இழுங்க."

மைக்செட் அதை அட்சரம் பிசகாமல் ஊருக்கே அறிவித்தாள். பிறகு ஃபோனில் கேட்டாள்: "டீச்சர், இங்கேருந்து இங்கன்னா எங்கேருந்து எங்க?"

பின்னாலிருந்து ஒரே சிரிப்பு. வகுப்பில் வக்கீல் என்று ஒரு பையன் உண்டு, எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவன். அவன் தன் தாளிலிருந்து பக்கத்துப் பையனின் தாளுக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு, டீச்சர் சொன்னபடிதான் செய்தேன் என்று சாதிக்கிறானாம். டீச்சர் கத்தினார். மைக்செட் அந்தக் கத்தலையும் விட்டுவிடாமல் அப்படியே கத்தினாள். அரை மணி நேரத்தில் டீச்சர் ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு, "இது வேலைக்கு ஆகாது. நாளைக்கு அந்தம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அப்போது தம்பி மனைவி சமையலறையிலிருந்து மெல்ல வந்தாள். கையில் கரண்ட் பில்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. உள்ள காதுல விழுந்துச்சு, நீங்க சொல்லச் சொல்ல நானும் போட்டுப் பாத்தேன்."

டீச்சர் பில்லைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ வரைந்திருந்தது. முக்கோணம் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். லாரி ஏறிப் போன டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது.

"இது என்னம்மா?"

"நீங்க சொன்னதுதான். ஸ்கூல்லயே எனக்கு இந்தப் படம்னாலே ஆகாது அண்ணி. அந்தப் பிள்ளைங்கள நெனச்சா பாவமாயிருக்கு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. காலில் கம்பி இழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. தம்பி மனைவிக்கு முதலில் திகைப்பு, பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள்.

சிரித்து ஓய்ந்த பிறகு டீச்சர் சொன்னார்: "நீ போய் சமையக்கட்டுலயே உக்காரு. என்னைப் பாக்கக் கூடாது. நான் இங்கேருந்து சொல்றேன். நீ சரியாப் போடற வரைக்கும் சொல்றேன்."

அன்று மாலை வரை அது நடந்தது. பேப்பரைப் படுக்கவாட்டில் வை. அடி ஓரத்துக்கு இரண்டு விரல் மேலே ஒரு படுக்கைக் கோடு, உன் பென்சில் நீளத்துக்கு. இடது முனைக்கு அ என்று பேர், வலது முனைக்கு ஆ. இரண்டுக்கும் நடுவே, நாலு விரல் உயரத்தில் ஒரு புள்ளி, அதற்கு இ. இப்போது அ-வையும் இ-யையும் சேர். இந்த, அந்த, இங்க, அங்க என்ற நான்கு வார்த்தைகளையும் டீச்சர் தன் வாயிலிருந்து நாடு கடத்தினார். ஆயுள் முழுக்கக் கையை நீட்டியே பாடம் நடத்தியவருக்கு அது லேசான காரியமில்லை. நடுநடுவே கை தானாக எழுந்து காற்றில் கோடு போடும். அதை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொள்வார்.

மறுநாள் முதல் அதுவே முறையாகிவிட்டது. பாடம் முதலில் சமையலறைக்குப் போகும். தம்பி மனைவி அதைச் சரியாக வரைந்துவிட்டால்தான் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குப் போகும். வேலை முடிந்து வந்த தம்பி பில்லையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத ஆபீஸ்ல கட்டணுமா, நிரூபிக்கணுமா?" என்று கேட்டான்.

மேட்டில் வகுப்பு சூடு பிடித்தது. இடிபாடு அள்ளும் லாரி வருவதையும் போவதையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மத்தியானமானால் தாளும் பென்சிலுமாகச் சரிவில் வந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் சொன்னதை மைக்செட் சொல்வாள், பிள்ளைகள் போடுவார்கள், பிறகு ஒருவர் தான் போட்டதை வாயால் சொல்ல வேண்டும். தப்பு எங்கே என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கொஞ்ச நாளில் டீச்சருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தான் சொல்வது ஒரு வரி. மேட்டில் ஒலிப்பது மூன்று வரி. ஒருநாள் தொடுகோடு நடத்தும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "தொடுகோடுன்னா வட்டத்த ஒரே ஒரு எடத்துல தொட்டுட்டுப் போற கோடு. உள்ள வராது. நம்ம ஸ்டாப்பிங்ல நிக்காம ஒரசிட்டுப் போவுமே எக்ஸ்பிரஸ் பஸ்ஸு, அந்த மாதிரி" என்று மைக்செட் முழங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், நான் எங்கடி பஸ்ஸச் சொன்னேன்?"

"நீங்க சொல்லல டீச்சர். வக்கீலுக்குப் புரியல, அதான் நான் விட்டேன் பஸ்ஸ."

"நான் சொன்னத அப்படியே சொன்னாப் போதும்."

"எனக்குப் புரியாதத எப்படி டீச்சர் சத்தமா சொல்றது? வெக்கமா இருக்காது?"

டீச்சர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். சாயங்காலம் தம்பி மனைவியிடம், "பஸ் நல்லாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் ஒரு வழிக்கு வந்ததாக நினைத்திருந்தபோதுதான் பரீட்சை மையத்தை அறிவித்தார்கள். ஊரில் விழாமல் நின்ற பெரிய கட்டடம் நகராட்சி மண்டபம் ஒன்றுதான். மேட்டடிவாரத்தில் இருந்தது. எஞ்சினியர்கள் வந்து தட்டிப் பார்த்து, உறுதியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பார்க்கப் போனார். ஒரு பிள்ளைகூட உள்ளே கால் வைக்கவில்லை.

"சிமென்ட் கூரையப் பாத்ததும் அப்படியே நின்னுடுச்சுங்க டீச்சர்" என்றார் ஃபோனில். "வக்கீல் வாசல்லயே வாந்தி எடுத்துட்டான். கூடாரத்துல வாழ்ந்து பழகிடுச்சுங்க. நான் என்ன சொல்லி உள்ள கூட்டிட்டுப் போவேன்? எனக்கே உள்ள போகக் கால் வரல."

டீச்சர் கல்வி அதிகாரிக்கு ஃபோன் போட்டார். கூடாரத்தில் வைத்து எழுத விடுங்கள் என்று கேட்டார். அதிகாரி மரியாதையான மனிதர்தான். விதி இடம் கொடுக்காது, வினாத்தாளுக்குப் பாதுகாப்பு வேண்டும், காற்றடித்தால் விடைத்தாள் பறந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். டீச்சர் மறுநாளும் பேசினார், அதற்கு மறுநாளும் பேசினார். அவர் குரலைக் கேட்டாலே அதிகாரியின் உதவியாளர், "அம்மா, கால் எப்படி இருக்கு?" என்று விசாரிக்கும் அளவுக்குப் போனது.

கடைசியில் டீச்சர் கேட்டார்: "சரி சார், மண்டபத்துலயே இருக்கட்டும். கதவையெல்லாம் கழட்டிடலாமா?"

"கதவ எதுக்கும்மா கழட்டணும்?"

"ஓடறதுக்கு வழி கண்ணுல தெரிஞ்சாதான் சார் பிள்ளைங்க உக்காரும்."

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. கதவைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று பிறகு சொன்னார். தச்சர் வந்து மண்டபத்துக் கதவுகள் அத்தனையையும் கீலோடு கழற்றி வெளியே சாய்த்து வைத்தார்.

அன்று வகுப்பில் டீச்சர் பாடம் எடுக்கவில்லை. கட்டடம் கல்லு மாதிரி இருக்கிறது, கதவும் கழற்றியாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்வதற்காக நன்றாகத் தயார் செய்துகொண்டு ஆரம்பித்தார். மைக்செட் பாதியிலேயே குறுக்கிட்டாள்.

"டீச்சர், நீங்க இப்ப கூரைக்குக் கீழயா இருக்கீங்க?"

"ஆமா."

"எத்தனாவது மாடி?"

"மூணாவது."

"பயமா இல்லயா?"

டீச்சர் தலையைத் திருப்பினார். சமையலறை வாசலில் தம்பி மனைவி கையில் கரண்டியோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் கட்டில் ஏன் ஹாலில் கிடக்கிறது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உள் அறையில் அவருக்காக ஜன்னலோரம் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். முதல் நாளே அங்கே படுக்க மாட்டேன் என்றுவிட்டார். வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடவும் விட மாட்டார். "திருடன் வந்தா அக்காவ எழுப்பிட்டுத்தான் வரணும்" என்று தம்பி சொல்லிக்கொள்வான்.

"பயமாத்தான் இருக்கு" என்றார் டீச்சர். "வாசக்கதவுகிட்டதான் படுத்திருக்கேன். உள் ரூமுக்கு இன்னும் போனதில்ல."

மைக்செட் ஒரு வினாடிகூடத் தாமதிக்கவில்லை. "டீச்சருக்கும் பயமாம்!" என்று மேடு அதிரக் கூவினாள்.

டீச்சர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். போச்சு, இத்தனை வருஷ மானம் போச்சு என்று நினைத்தார். எதிர்முனையில் யாரோ ஒருவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை அது. இறுக்கிக் கட்டியிருந்த முடிச்சை யாரோ தளர்த்திவிட்டது போன்ற சிரிப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றாமலே தூங்குகிறாளாம். ஒருவன் குளிக்கக்கூட சுவர் மறைவுக்குப் போவதில்லையாம். மைக்செட்டால் எல்லாவற்றையும் சொல்லி மாளவில்லை.

"டீச்சர், வக்கீல் ஒண்ணு கேக்கறான். நீங்க உள் ரூமுக்குப் போனா நாங்களும் மண்டபத்துக்குள்ள போறோமாம். நீங்க போகாம எங்கள மட்டும் போகச் சொன்னா அது நியாயமில்லயாம்."

"அவன் நியாயத்துல இடி விழ" என்றார் டீச்சர். பிறகு, "சரி. ஆனா ஒரே நாள்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமா" என்றார்.

அப்படித்தான் அந்த ஒப்பந்தம் நடந்தது. பிள்ளைகள் மேட்டை விட்டு மண்டபத்து வாசற்படிக்கு வந்தார்கள். இங்கே தம்பியும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, டீச்சரோடு சேர்த்தே கட்டிலை ஹால் நடுவுக்கு நகர்த்தினார்கள். பிள்ளைகள் வராந்தாவுக்கு வந்தார்கள். கட்டில் சோபாவைத் தாண்டியது. தம்பி மனைவி ஃபோனை வாங்கி, "நான்தான் சாட்சி, நகந்துருச்சு" என்று சொல்வாள். அதைக் கேட்ட பிறகுதான் வக்கீல் அடுத்த அடி வைக்க அனுமதிப்பான். பிள்ளைகள் கதவில்லாத வாசலுக்கு உள்ளே முதல் வரிசையில் உட்கார்ந்த நாளில் கட்டில் உள் அறையின் நிலைப்படிக்கு வந்து சேர்ந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே.

அதோடு நின்றுவிட்டது. மேற்கொண்டு தள்ளலாமா என்று தம்பி கேட்கும்போதெல்லாம் டீச்சர், "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். உள்ளே சட்டை எடுக்கப் போகிறவர்கள் கட்டிலின் மேல் ஏறித் தாண்டிப் போனார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டீச்சரும் உள்ளே போயிருப்பார் என்று நம்பி, சாட்சி கேட்காமலே, மண்டபத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்வரிசைகளுக்குப் போய்விட்டார்கள். மைக்செட் மட்டும் வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே சிக்னல் கிடைக்காது, படியில்தான் கொஞ்சம் கிடைக்கும் என்பது அவள் சொன்ன காரணம். உண்மையான காரணம்தான். அங்கே நின்றே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அவள் குரலுக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனால் வகுப்பு முடிந்து ஃபோனைக் கொடுத்த பிறகும் அவள் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை என்று தலைமையாசிரியை ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். பூகம்பத்தன்று காய்ச்சல் என்று அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. வீட்டில் அம்மாவின் பக்கத்தில் படுத்திருந்தாள். மறுநாள் அவளை மட்டும்தான் உயிரோடு எடுத்தார்கள்.

டீச்சர் அன்று வெகுநேரம் ஃபோனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நாள் தினமும் பேசியும் அவள் இதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

பரீட்சைக்குச் சில நாட்களே இருந்தன. மறுநாள் பாடத்தை முடித்துவிட்டு டீச்சர் சொன்னார்: "நாளைலேருந்து ஃபோன் வகுப்பு கிடையாது. நீங்களே கணக்குப் போட்டுப் பழகுங்க. ஃபோன மேடத்துகிட்ட குடுத்துட்டு நீயும் உள்ள போய் உக்காரு."

"நான் வெளியேருந்தே போட்டுக்கறேன் டீச்சர்."

"பரீட்சை?"

மைக்செட் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது.

"இங்க பாரு" என்றார் டீச்சர். "என் கட்டில் நிலைப்படியிலயே நிக்குது. இந்த வீட்டுல எல்லாரும் என்னத் தாண்டித்தான் போறாங்க வராங்க. நானும் நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லிட்டே இருக்கேன். நீ சாட்சி கேக்காம நம்பிட்டே. நான் இன்னும் உள்ள போகல."

"போகலயா?"

"போகல. தனியா போக முடியல. நீ வர்றியா?"

"ஃபோனோடவா?" என்றாள் மைக்செட்.

"ஃபோனோட."

"உள்ள போனா கட் ஆயிடும் டீச்சர்."

"ஆகட்டும். ஆகற வரைக்கும் பேசிட்டே போவோம்."

டீச்சர் தம்பி மனைவியைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த வாக்கரைக் கொண்டுவரச் சொன்னார். கட்டிலின் உள்பக்கமாக, ஒரு கையால் அதைப் பிடித்து எழுந்தார். மறு கையில் ஃபோன். தம்பி மனைவி பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டாள். "எழுந்துட்டேன்" என்றார் டீச்சர். "படி ஏறிட்டேன்" என்றாள் மைக்செட். அவள் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "வாசல்ல நிக்கறேன்... மொத பெஞ்சு... டீச்சர் கேக்குதா... மேல பாக்கக் கூடா..." அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

டீச்சர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. செத்த ஃபோனோடு பேசிக்கொண்டே கம்பிக் காலை இழுத்து இழுத்து உள்ளே போனார். "நான் மேல பாக்கல. தரையத்தான் பாக்கறேன். மேஜை வந்துருச்சு. ஜன்னல் வந்துருச்சு." ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. தம்பி மனைவி தரையில் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். மேல்வீட்டில் யாரோ எதையோ கீழே போட்டார்கள். டீச்சர் அவள் தோளைப் பற்றிக்கொண்டார், எழுந்திருக்கவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ. ஃபோன் அடித்தது.

"டீச்சர், போயிட்டு வந்துட்டேன். கடைசி பெஞ்சு வரைக்கும் போனேன். நீங்க?"

"நான் உள்ளதான் இருக்கேன்."

"ஃபேன் இருக்கா?"

"ஓடுது."

"இங்க மண்டபத்துல இல்ல டீச்சர். ரொம்பப் புழுக்கம்" என்றாள் மைக்செட், தன் பழைய குரலில். டீச்சர் ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கணக்குப் பரீட்சையன்று பாதி நேரத்தில் மண்டபத்து ஓரமாக ஒரு பெரிய லாரி போனது. பெஞ்சுகள் லேசாகக் கடகடத்தன. அவ்வளவுதான், பிள்ளைகள் மொத்தமும் பேனாவைப் போட்டுவிட்டுக் கதவில்லாத வாசல்கள் வழியாக வெளியே பாய்ந்துவிட்டார்கள். கண்காணிப்பாளராக வந்தவர் வெளியூர்க்காரர். கையில் விடைத்தாள் கட்டோடு திகைத்துப்போய் நின்றார். பரீட்சை நடுவில் வெளியே போனவரைத் திரும்ப அனுமதிக்கக் கூடாது என்பது விதி. வெளியே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "லாரிதாம்மா, லாரி போயிடுச்சு. வாங்க, வந்து எழுதுங்க" என்றார். ஒவ்வொருவராக வந்தார்கள். மைக்செட் கடைசியாக வந்தாள். போன நேரத்தைக் கண்காணிப்பாளர் தன் பொறுப்பில் கூட்டிக் கொடுத்தார் என்று தலைமையாசிரியை ஃபோனில் இரண்டு தடவை சொன்னார்.

முடிவு வந்தது. நிறையப் பேர் தேறினார்கள், சிலர் தேறவில்லை. வக்கீல் நல்ல மார்க் வாங்கியும் திருப்தியில்லாமல் மறுகூட்டலுக்கு எழுதிப் போட்டான். மைக்செட் மற்ற பாடங்களில் எல்லாம் தேறி, கணக்கில் மட்டும் கோட்டைவிட்டாள்.

"தெரிஞ்ச கணக்குதான் டீச்சர். திரும்பி வந்து உக்காந்ததும் கை நடுங்கிடுச்சு. எழுத்து எழுத்தா வரல" என்றாள்.

"அடுத்த தடவை எழுதிக்கலாம். துணைத்தேர்வு இருக்குல்ல. நாளைக்கு மத்தியானம் பேசு."

இந்தத் தடவை மேட்டில் கூட்டம் இல்லை. யாருக்கும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. டீச்சர் ஒருவர், மைக்செட் ஒருத்தி. அப்போதுதான் டீச்சருக்குத் தெரிந்தது, அந்தப் பெண்ணுக்கு மெதுவாகவும் பேச வரும் என்று. கணக்குக்கு நடுவே சில நாட்களில் அம்மாவைப் பற்றிச் சொல்வாள். அம்மா எப்படித் தலை வாரிவிடுவாள், எதற்கெல்லாம் திட்டுவாள் என்பது போலச் சின்னச் சின்ன விஷயங்கள். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் முடித்ததும், "சரி, விட்ட இடத்துலேருந்து போடு" என்பார். அவளும் போடுவாள்.

துணைத்தேர்வு முடிவு வந்த அன்று டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கம்பிகளை எடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தார் பயிற்சியாளர். தம்பி மனைவி ஃபோனும் கையுமாக வெளியிலிருந்து ஓடி வந்தாள்.

"அண்ணி, பாஸாயிட்டா! அவளே கூப்பிட்டுச் சொன்னா. பல் ஆஸ்பத்திரி டாக்டர்கிட்டகூட நான் சொல்லிட்டேன்."

"மார்க் எவ்வளவு?"

"அத நான் கேக்கல."

"மார்க் கேக்காம பாஸுன்னு ஓடி வர்றா பாருங்க" என்று டீச்சர் பயிற்சியாளரிடம் குறைப்பட்டுக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொள்வதற்காக ஒரு கையைக் கட்டையிலிருந்து எடுத்தார். பயிற்சியாளர் கட்டையைப் பிடிக்கச் சொல்லி அவசரமாக ஓடி வந்தார்.

அடுத்த கல்வியாண்டில் பாலம் தயாராகிவிடும், தகரக் கொட்டகையில் பள்ளிக்கூடம் நடக்கும், ஊன்றுகோலோடு வந்தாலும் பரவாயில்லை என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். தகரம்தானே, தலையில் விழுந்தாலும் தட்டிவிட்டுப் போகலாம் என்று டீச்சர் பதில் சொல்லியிருந்தார்.